ஆரோக்கியநாதன் விற்ற படை

பொன்மலை ரயில்வே காலனியில், ஒர்க்‌ஷாப் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிற வீடுகளுக்கு நடுவே, ஆரோக்கியநாதன் என்று ஒரு டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார்; அவரிடம் மூன்று படைகள் இருந்தன. எல்லாம் ஈயப் படைகள். சமையலறை அடுப்பில் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, ஓர் அங்குல உயரத்துக்கு ஆட்களையும் குதிரைகளையும் யானைகளையும் வார்த்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வர்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெரிய மேசையில் எதிரெதிராக நிறுத்தி, பகடை உருட்டி, டேப் பிடித்து அளந்து, விதிப்புத்தகம் சொல்கிறபடி முன்னேறவும் பின்வாங்கவும் சாகவும் வைக்கிற போர் விளையாட்டு அது. காலனியில் அதை ஆடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஆரோக்கியநாதனும் ரிட்டயர்டு கார்டு டெரன்ஸும். பகடையில் செத்தவனை டெரன்ஸ் எடுத்து டப்பாவில் போட்டுவிடுவார். ஆரோக்கியநாதன் செத்த இடத்திலேயே அவனைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார். களம் களம் மாதிரி இருக்க வேண்டாமா என்பார். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேசையில் ஆட்கள் நின்றார்கள், படுத்தார்கள், மறுபடி நின்றார்கள்.

ஒரு ஆடி மாதத்தில் அவருக்குப் பேராசை வந்தது. இருநூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் இதே பொன்மலைப் பாறையைப் பிடிப்பதற்காக இங்கிலீஷ் கம்பெனிக்காரர்கள் ஒரு பக்கமும், பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்க்காரர்களும் இன்னொரு பக்கமுமாக மோதிக்கொண்ட சண்டை ஒன்று உண்டு. அதை, பாறையோடும் புதரோடும் பீரங்கியோடும், ஆயிரத்து இருநூறு ஆட்களோடும், ஒரு பட்டன் தப்பாமல் செய்து, அடுத்த ஆடியில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் வைத்து ஊரே பார்க்க ஆட வேண்டும்.

"செய்ங்க, யாரு வேணாங்கறா," என்றாள் அவர் மனைவி செலின். "ஆனா இந்த வீட்டுல இனி ஒரு குண்டூசி வைக்கக்கூட இடமில்ல. பழசை வித்துட்டுப் புதுசை ஆரம்பிங்க."

ரோமப் படையை பெங்களூர் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டார். நெப்போலியன் காலத்துப் படை பஞ்சில் பொதியப்பட்டு ஹைதராபாத்துக்குப் பார்சலில் போயிற்று. மிஞ்சியது நாயக்கர் படை. அவர் முதன்முதலாக வார்த்த படை, அறுநூற்று நாற்பது உருப்படி. கை பழகாத காலத்தில் செய்ததால் ஒருவனுக்கு மூக்கு கன்னத்தில் இருந்தது, ஒருவனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தன, யானைகள் பன்றிக்கும் யானைக்கும் நடுவில் எங்கோ நின்றன. போட்டோ பார்த்தவர்கள் எல்லாரும் பதில் எழுதாமல் விட்டார்கள். கடைசியில், மூன்றாவது தெருவில் இட்லிமாவு அரைத்து விற்கிற ஜெகதாம்பாள் வந்தாள்.

"அண்ணே, கொலுவுக்கு இந்த வருஷம் ஏதாச்சும் புதுசா வைக்கணும். இதுங்களைக் குடுக்கிறீங்களாமே?"

"இது பொம்மை இல்லம்மா. நாயக்கர் படை. இதுல காலாட்படை வேற, வேல்படை வேற…"

"அழகா இருக்குண்ணே," என்றாள் அவள், மூக்கு கன்னத்தில் இருந்தவனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி. "பாவம், எப்படி முழிக்கிறான் பாருங்க."

ஆரோக்கியநாதன் அவள் நீட்டிய காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு, படையைத் தகர டிரங்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, காலியான அலமாரியில் புதிய ஈயக்கட்டிகளை அடுக்கினார்.

நவராத்திரியின் இரண்டாம் நாள் சாயங்காலம், ஜெகதாம்பாள் கடலைச் சுண்டலைப் படைத்துவிட்டு விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் படியில் நின்ற வேல்படை நான்காம் படிக்கு இறங்கியது. நான்காம் படிக்காரர்கள் இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். பிறகு எல்லாருமாகத் தரைக்கு வந்து, சுண்டல் கிண்ணத்தைச் சுற்றி வளைத்து, ஒரு கடலைக்கு நாலு பேராகத் தோள் கொடுத்து இறக்கி வைத்துச் சாப்பிட்டார்கள். யானைகளுக்குத் தேங்காய்ச் சில்லைத் தனியாக எடுத்து வைத்தார்கள். வெற்றிலை பாக்கு வாங்க வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கோ அக்கா, தயங்கித் தயங்கித் திங்கறாங்களே," என்றாள். ஜெகதாம்பாள் ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து தூவினாள்.

இதற்குப் பழகிக்கொள்ளக் காலனிக்கு நாலே நாள் போதுமாக இருந்தது. முதல் நாள் எல்லாரும் பார்த்தார்கள், இரண்டாம் நாள் அவரவர் உறவுக்காரர்களைக் கூட்டி வந்து காட்டினார்கள், மூன்றாம் நாள் சிக்கல்களைப் பேசினார்கள், நான்காம் நாள் சிக்கல்கள் தீர்ந்தன. மூன்றாவது தெருவில் பூனை வளர்ப்பவர்கள் பகலில் கட்டி வைப்பது என்றும், ஸ்கூட்டர்கள் மாவுக்கடையைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போவது என்றும், மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைப்பதில்லை என்றும் முடிவாயிற்று. பங்குச் சாமியார், அவர்கள் நாயக்கர் காலத்து ஆட்கள் ஆகையால் ஞானஸ்நானம் பற்றி யாரும் அவசரப்பட வேண்டாம் என்றார். தொழிற்சங்கக் கூட்டத்தில், ரயில்வே ஊழியர் ஒருவரால் ரயில்வே குடியிருப்பில் வார்க்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க உரிமை உண்டா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது; உண்டு என்றே முடித்தார்கள். விஜயதசமி அன்று வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்கப் பார்த்தாள் ஜெகதாம்பாள். படுக்க வைத்தவன் எழுந்து மீசையைத் தடவிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டான். அதனால் படிகள் அப்படியே நின்றன, கொலு கார்த்திகையிலும் இருந்தது, மார்கழியிலும் இருந்தது.

அவர்கள் சண்டை போடவில்லை. ஒரு நாளும் போடவில்லை. மாவு மூட்டையை எறும்பிடமிருந்து காத்தார்கள், கிரைண்டருக்கு அடியில் விழுந்த திருகாணியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள், எதிர்வீட்டுப் பெண் காது குத்தலின்போது தொலைத்த ஒற்றைத் தோட்டைச் சாக்கடை ஓரத்திலிருந்து யானை மேல் ஏற்றி மேளத்தோடு கொண்டு வந்தார்கள், வேல் முனையால் நூல் நுனியைத் தள்ளிக் கண் மங்கிய தையல்காரருக்கு ஊசி நூல் கோர்த்துக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் ஆரோக்கியநாதன் செலின் சொல்லித்தான் கேட்டார். அவள் தினமும் நாலு மணிக்குக் கிளம்பிப் போனாள். திரும்பி வரும்போது முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போய் வந்த வெளிச்சம் இருந்தது.

"இன்னிக்கு அந்தக் கோண மூக்குக்காரன் என் விரலைப் பிடிச்சுக்கிட்டான்ங்க."

"ம்."

"கை வெதுவெதுன்னு இருக்கு."

அவர் பிரெஞ்சுக்காரன் ஒருவனின் எட்டாவது பட்டனுக்குப் பொன்னிறம் வைத்துக்கொண்டிருந்தார். பொன்னிறம் பட்டனைத் தாண்டிக் கோட்டில் இழுபட்டது. அந்த மூக்கை வார்த்தது யார்? சூடு தாங்காமல் விரல் கொப்புளித்து, அச்சை உடைத்து உடைத்து, பதினோராவது தடவையில் இவன் ஒருவன்தான் முழுசாக வந்தான் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டது யார்? இருபத்திரண்டு வருஷம் அவர் கையிலேயே இருந்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விரலைப் பிடித்திருக்கிறானா?

பொறாமை அவருக்கு முதலில் பல்வலி மாதிரி வந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் தெரிந்தது. பிறகு சாப்பிடும்போதும் தெரிந்தது. தெருவில் யாராவது மாவுத் தூக்கோடு போனால் தெரிந்தது. "சார், உங்க ஆளுங்க சூப்பர் சார்," என்று டிராயிங் ஆபீஸில் யாராவது சொன்னால் தாடை வரைக்கும் ஏறியது. அவர் தன் புதிய ஆட்களுக்குச் சுண்டல் வைத்துப் பார்த்தார். படி கட்டி அதில் நிறுத்திப் பார்த்தார். விளக்கேற்றினார், மெழுகுவத்தி ஏற்றினார், சாம்பிராணி காட்டினார். செலின் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, "உங்களுக்கு என்னடா குறை வச்சேன்?" என்று கேட்டும் பார்த்தார். கண்ணிமை வரைக்கும் வரைந்த அந்த அழகான ஆட்கள் ஈயமாகவே நின்றார்கள். சுண்டலில் எறும்பு மொய்த்தது.

தை பிறந்ததும் பொறுக்க முடியாமல், சின்ன வர்ணக் குப்பி ஒன்றைச் சாக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாவுக்கடைக்குப் போனார். கூடம் நிறையப் பெண்கள். தரையில் குதிரைப்படை மாவுக்கோலத்தின் கோட்டை மிதிக்காமல் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஆரோக்கியநாதன் வாசற்படியில் நின்று பார்த்தார். அவர் பார்வை பட்டதுதான் தாமதம், குதிரைகள் நின்ற இடத்திலேயே சாய்ந்தன. வீரர்கள் பக்கவாட்டில் படுத்தார்கள், ஒருவர் விடாமல், கோலத்தின் மேலும் படிகளின் மேலும், அவர் தன் மேசையில் எப்படிப் படுக்க வைப்பாரோ அப்படியே, கை ஒரு பக்கம் வேல் ஒரு பக்கமாக. கூடம் முழுக்க அறுநூற்று நாற்பது பிணம்.

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள் ஜெகதாம்பாள்.

அவர் தெருப்பக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது, கடுகு கொட்டுகிற மாதிரி.

"எந்திரிச்சிட்டாங்க," என்றாள் அவள், சமாதானமாக. "நீங்க பார்த்தா படுத்துக்குறாங்கண்ணே. திரும்பிக்கிட்டா ஒண்ணுமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், ஜெகதாம்பாள் உளுந்து வாங்கக் காந்தி மார்க்கெட் போயிருந்தபோது, வேறொரு காலி டிரங்கைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனார். காலனியில் பகலில் யாரும் கதவு பூட்டுவதில்லை. அவர் பார்த்தார், அவர்கள் படுத்தார்கள். பிறகு என்ன, நெல்லிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி டிரங்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

புதுப் படைக்குப் பக்கத்தில் பழைய மேசையை இழுத்துப் போட்டு, அதில் அவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். கையை எடுத்ததும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்தால் நான் பார்க்க எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்தார். லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செலின் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்து, அவரையும் மேசையையும் பார்த்துவிட்டுப் போனாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வைக்கிற கடைசிச் சோறு அதுதான் என்கிற மாதிரி இருந்தது, அவள் போன விதம். காலனியிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை. ஜன்னல் பக்கமாக வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, அதுவும் சத்தமில்லாமல் கொட்டி, போனார்கள். அதைவிடச் சண்டை பிடித்திருக்கலாம்.

இரண்டாம் நாள் மாலை ஜெகதாம்பாள் வந்தாள். கையில் சின்னக் கிண்ணம்.

"ஏதாச்சும் சாப்பிட்டாங்களாண்ணே?"

"கேளும்மா, நான் செஞ்சது இது. ஒவ்வொண்ணும் என் கையால…"

"அது சரிண்ணே. சாப்பிட்டாங்களா?"

அவர் மேசையில் கிடந்தவர்களைக் காட்டினார்.

"கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தா அதுங்க எப்ப சாப்பிடும்? நீங்க கண்ணசந்த நேரத்துலயாவது தின்னுருப்பாங்கன்னு பார்த்தேன். கண்ணு சிவந்து கெடக்கு, நீங்க தூங்கவும் இல்லபோல." கிண்ணத்தை மேசை ஓரத்தில் வைத்தாள். "கோண மூக்கன் ஒரு வேளைப் பசிகூடத் தாங்கமாட்டான்."

ஆரோக்கியநாதன் குனிந்து அவனைப் பார்த்தார். வர்ணம் மங்கி, கன்னத்தில் ஈயம் தெரிந்தது. அவனுக்குப் பசி தாங்காது என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. டிரங்கைத் திறந்து, ஒவ்வொருவராக எடுத்து வைத்து, தானே மூன்றாவது தெருவரைக்கும் தூக்கிப் போய், கூடத்தில் இறக்கிவிட்டு, முதுகைக் காட்டியபடி வெளியே வந்தார். பின்னாலிருந்து கிண்ணத்தில் ஏதோ தட்டுகிற சத்தமும், பெண்கள் "மெதுவா, மெதுவா" என்று சொல்கிற சத்தமும் கேட்டன. பொறாமை குறையவில்லை. வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தது.

அதை எல்லாம் அவர் புதுப்படையில் இறக்கினார். இதைப் போல் ஒன்று எவனும் செய்திருக்கக் கூடாது என்று செய்தார். கம்பெனிச் சிப்பாயின் செருப்பு வாரில் தையல் தெரிந்தது, மைசூர்க் குதிரைக்காரனின் தலைப்பாகையில் நெசவு தெரிந்தது, முரசடிக்கிறவனின் முரசுத்தோலில் கோல் பட்டுப்பட்டுத் தேய்ந்த வட்டம் தெரிந்தது. பாறையைச் செய்ய நிஜப் பாறையில் ஏறி அளந்தார். ஆடி வந்தது. ஆயிரத்து இருநூறும் முடிந்தது. இன்ஸ்டிட்யூட் ஹாலில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் பாறையை வைத்து, விடிந்ததிலிருந்து படைகளை நிறுத்தினார். நூறு நாற்காலியும் போட்டு வைத்தார்.

டெரன்ஸ் ஒருவர்தான் வந்தார். அன்றைக்கு ஜெகதாம்பாள் வீட்டில் ஆடிக்கூழ். நாயக்கர் படை பானையைச் சுற்றி ஊர்வலம் வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். செலினும் அங்கேதான்.

"ஆரம்பிக்கலாம் மேன்," என்றார் டெரன்ஸ், காலி நாற்காலிகளைப் பார்க்காத மாதிரி. "யார் வந்தா என்ன, வராட்டி என்ன. பகடையை எடு."

ஆரோக்கியநாதன் பகடையை எடுத்தார். உருட்டவில்லை. வெளியே ரோட்டில் ஆட்டோ ஒன்று சடக்கென்று நின்றது, அதன் பின்னால் பஸ் நின்றது, ஹாரன் அடிக்காமல் நின்றது. டெரன்ஸ் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார்.

"உன்னோட பழைய ஆளுங்க, நாதன். ரோட்டை கிராஸ் பண்றாங்க. இங்கதான் வர்றாங்க."

ஆரோக்கியநாதன் கண்களை இறுக மூடிக்கொண்டார். வாசலில் குளம்புச் சத்தம் கடுகாகக் கொட்டிற்று. அது தரையில் பரவி வந்தது, மேசைக் காலில் ஏறியது, அவர் விரல்களுக்கு மிக அருகே மேசைமேல் பாய்ந்தது. கூழின் வாசனையும் வேப்பிலை வாசனையும் கூடவே வந்தன. பிறகு முணுமுணுப்பு, கூட்டத்தில் நெடுநாள் பார்க்காத உறவினரை விசாரிக்கிற மாதிரி.

"என்ன செய்யுறாங்க? சொல்லு."

"படுக்கல. நிக்கிறாங்க. உன்னோட புது ஆளுங்க ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்க் கையைப் பிடிக்கிறாங்க." டெரன்ஸின் குரல் தாழ்ந்தது. "முழிக்கிறாங்க, நாதன். அந்த பிரெஞ்சுக்காரன் கோட்டைத் தட்டி விட்டுக்கிறான். துப்பாக்கியைக் கீழே வச்சிட்டான். எல்லாரும் வைக்கிறாங்க."

"அழகா இருக்காங்களா?"

"ரொம்ப அழகா இருக்காங்க மேன்."

அவர் கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இப்ப?"

"இறங்குறாங்க. பழைய ஆளுங்க கூட்டிக்கிட்டுப் போறாங்க. எல்லாரையும்."

அவருக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்தால் போதும். ஆயிரத்து இருநூறு பேரும் அந்த இடத்திலேயே படுத்துவிடுவார்கள், தூசி தட்டி எடுத்து மறுபடி நிறுத்தலாம், அவருடையவர்களாகவே இருப்பார்கள், செருப்பு வாரும் பட்டனும் ஈயமுமாக. இமைகள் துடித்தன. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர்கள் அந்தக் கைகளைத் தாண்டிப் போனார்கள். குதிரை வால் ஒன்று சுண்டுவிரலில் பட்டது. ஒருவன் விரலைப் படியாக வைத்து இறங்கினான், அவன் உள்ளங்கால் வெதுவெதுப்பாக இருந்தது. ஓராண்டு இரவு பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்தவர்களில் ஒருவனாவது தன்னைத் திரும்பிப் பார்த்தானா என்று டெரன்ஸிடம் கேட்க நினைத்து, பதிலுக்குப் பயந்து, கேட்காமல் இருந்தார். சத்தம் தரைக்கு இறங்கியது, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஓடியது, வாசலில் ஒடுங்கியது. கடைசியாக முரசுச் சத்தம் மட்டும் தனியாகப் பின்தங்கிப் போயிற்று, டும், டும், டும், நிதானமாக.

எல்லாரும் ஜெகதாம்பாளுக்கு. எல்லாருமே.

ஆரோக்கியநாதன் கண்ணைத் திறந்தார்.

வாசல் நிலையைத் தாண்ட ஒரு சாண் இருக்கும்போது முரசடிக்கிறவன் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். கோல் ஒரு பக்கம், முரசு ஒரு பக்கம். மற்றவர்கள் அதற்குள் தெருவில் திரும்பிவிட்டிருந்தார்கள். மேசையில் பாறை இருந்தது, புதர் இருந்தது, கைவிடப்பட்ட துப்பாக்கிகள் அறுத்துப்போட்ட புல் மாதிரி கிடந்தன.

"நாதன்," என்றார் டெரன்ஸ். "அவனையும் விட்டுடேன் மேன்."

ஆரோக்கியநாதன் போய்க் குனிந்து எடுத்தார். துடைத்தார். முகத்தைப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு, டெரன்ஸிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். மூன்றாவது தெருப் பக்கம் சிரிப்பும் குலவைச் சத்தமும் கேட்டன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒர்க்‌ஷாப் மதிலை ஒட்டி, ஆளில்லாத ரோட்டில் நடந்துகொண்டிருக்கும்போது, சட்டைக்குள், இடது பக்கம், அவர் பார்வை படாத இருட்டில், மெதுவாக முரசு அடிக்க ஆரம்பித்தது. அவர் தலையை நிமிர்த்தி, நேரே ரோட்டை மட்டும் பார்த்தபடி, அந்த அடிக்குக் கால் பொருத்தி நடந்தார்.